துருவா நகரத்து உரையாசிரியர்

இத்தாலி நாட்டின் தென்கோடியில் ரெஜ்ஜியோ என்றொரு கடற்கரைப் பட்டினம் இருக்கின்றது. 1475 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பட்டினத்திலே ஆபிரகாம் பென் கார்ட்டோன் என்பவர் ஒரு நூலை அச்சிட்டு முடித்தார். அச்சிட்ட ஆண்டு பொறிக்கப்பெற்ற எபிரேய நூல்களுள் இன்று அறியப்பட்டவற்றில் முந்தியது அதுவே. யூதர்கள் முதன்முதல் அச்சேற்றிய நூல்களுள் ஒன்று என்றதும் அது வேதமாகத்தான் இருக்கும் என்று நாம் எண்ணுவோம். அது வேதமன்று, வேதத்துக்கு ஓர் உரை. மூலத்தைச் சேர்க்காமல் உரையை மாத்திரமே அச்சிட்டிருந்தார் அவர். மூலம் படிப்போர் வீட்டில் இருந்தது. பலருக்கு நெஞ்சிலும் இருந்தது. அவர்கள் காசு கொடுத்து வாங்க விரும்பியது உரையையே.

அவ்வுரையை எழுதியவர் நூல் அச்சேறுதற்கு 370 ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார். ரபி ஷெலோமோ யிட்சாக்கி என்பது அவர் பெயர். யிட்சாக்கின் மகனாகிய ஷெலோமோ என்பது பொருள். அப்பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி ராஷி என்று யூதர்கள் வழங்குவர். யூதச் சிறுவன் வேதம் படிக்கத் தொடங்கும் வயதில் ராஷியையும் சேர்த்தே படிக்கத் தொடங்குகின்றான். நரைத்த பின்னரும் ராஷியை விடுவதில்லை.

எனக்கு எபிரேயம் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே இவ்வுரையைப் படித்தேன். அது திரைக்குப் பின்னால் நின்று கச்சேரி கேட்பது போன்றதுதான். ஆயினும், முப்பது ஆண்டுகளாக உரைகளை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துபவன் ஆதலால், எங்கோ ஒரு நாட்டில் என் தொழிலைச் செய்த ஒருவரை இனங்கண்டுகொள்ள அத்திரை எனக்குத் தடையாயிருக்கவில்லை. நம்முடைய உரைகாரர்களை அவரோடு ஒப்பிட்டுக் காட்டக் கை துறுதுறுக்கின்றது. அதனை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

அவர் எத்தகைய மரபிலே வந்து பிறந்தார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். யூதவேதத்தின் தலைப்பகுதி தோரா. மோசே வழியாகப் பெற்றவை என்று அவர்கள் போற்றும் ஐந்து ஆகமங்கள். எழுதப்பட்ட தோராவுடன் எழுதப்படாத தோரா ஒன்றும் உண்டு, அஃது ஆசிரியன் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கு வழிவழியாக வந்தது என்பது அவர்கள் கொள்கை. செவிவழி வந்த கல்வியைக் கி.பி. 200 அளவில் யூதா என்னும் தலைவர் தொகுத்தார். அத்தொகுப்பு மிஷ்னா. அந்த மிஷ்னாவை முன்வைத்துப் பாபிலோனிய நாட்டுக் கல்விக்கழகங்களிலே தலைமுறை தலைமுறையாக நடந்த வாதங்களின் பெருந்திரட்டு தல்மூத். மற்றொரு புறத்தில், வேதச் சொற்களைத் துருவித் துருவி ஆராய்ந்த விளக்கங்கள் மித்ராஷ் என்னும் பெயரில் பல நூல்களாகத் திரண்டன. மித்ராஷ் என்ற சொல்லின் வேருக்கே தேடுதல், வினாவுதல் என்பன பொருள்.

இம்மரபினர் வேதத்திலே வீண்சொல் ஒன்றும் இல்லை என்று துணிந்தவர்கள். ஒரு சொல் இருமுறை வந்தால் ஏன் வந்தது என்பார்கள். ஓரெழுத்து மிகுந்தால் ஏன் மிகுந்தது என்பார்கள். அவ்வினாக்களால் விளைந்த நன்மை பெரிது. கண்ணுக்குக் கண் என்று யாத்திராகமம் விதிக்கின்றதன்றோ? அடித்தவன் கண்ணைத் தோண்டுக என்பது அதன் கருத்தன்று, இழந்த கண்ணின் மதிப்பைக் கொடுக்க என்பதே கருத்து என்று தல்மூத்து ஆசிரியர்கள் பல நெறியில் வாதித்து நிறுவினார்கள். ராஷியும் அவ்விடத்தில் அதனையே சில சொற்களில் எழுதிக் கடக்கின்றார். ஆனால் ஓயாது தேடுகின்றவனுக்கு ஓர் இடர் உண்டு. தேடிய பொருள் மலைபோற் குவிந்து, கையிலிருந்த மூலம் அதன் அடியில் மறைந்துபோகும். ராஷி பிறந்த காலத்து வட ஐரோப்பிய யூதர்கள் வேதத்தைப் பெரும்பாலும் அம்மலையின் மேல் நின்றே பார்த்தார்கள்.

பிரான்சு நாட்டின் ஷம்பாஞ் மாநிலத்தில், சேன் நதிக்கரையில், துருவா நகரம் உள்ளது. பெருஞ்சந்தைகளாற் பெயர்பெற்ற நகரம். 1040 ஆம் ஆண்டு ராஷி அங்கே பிறந்தார் என்பர். பெரியோர் பிறப்புக்குக் கதைகள் வேண்டுமல்லவா? தந்தையிடம் விலைமதிப்பற்ற மணி ஒன்று இருந்ததென்றும், வேற்றுச் சமயத்தார் தம் படிமத்துக்காக அதனைக் கேட்க, அவர் அதனைக் கடலில் எறிந்தாரென்றும், அதற்குப் பரிசாக இம்மகன் பிறந்தானென்றும் ஒரு கதை. சூல்கொண்ட தாயார் வோர்ம்ஸ் நகரத்து ஒடுங்கிய வீதியிலே வண்டியொன்றுக்கு முன் அகப்பட்டுக்கொள்ள, பக்கத்துச் சுவர் உள்வாங்கி அவருக்கு இடங்கொடுத்ததென்று மற்றொரு கதை. சுவர் வழிவிட்டதோ இல்லையோ, எளிதில் வழிவிடாத நூல்களுக்குள்ளே பல்லாயிரவர் புகுவதற்கு அம்மகன் வழி செய்தது மெய்.

இளமையிற் கல்வி தேடி ஜேர்மனிய நாட்டு ரைன் நதிக்கரைக்குச் சென்றார். அப்பொழுது மைன்ஸ், வோர்ம்ஸ் என்னும் நகரங்களே அப்பகுதி யூதர்களின் கல்விப் பீடங்கள். மைன்ஸ் நகரில் யாக்கோபு பென் யாக்கார் என்பவரே அவருக்கு முதற்பேராசான். அவரைத் தம் முதிய ஆசான் என்று ராஷி குறிப்பிடுவார். பலர் மிதிக்கும் வாயிற்படி போலத் தம்மைத் தாழ்த்தி வாழ்ந்தவர் அம்முதியவர் என்று மாணாக்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் மறைவுக்குப் பின்னர் அந்நகரிலேயே ஈசாக்கு பென் யூதாவிடமும், வோர்ம்ஸ் நகரில் ஈசாக்கு ஹலேவியிடமும் கற்றார். இதற்கிடையில் மணமும் முடிந்திருந்தது. உணவுக்கும் உடைக்கும் முட்டுப்பட்டு, குடும்பத்தைத் திரிகைக்கல்லாகக் கழுத்திற் கட்டிக்கொண்டு ஆசிரியர்களுக்குப் பணிசெய்தேன் என்ற கருத்துப்பட ஓரிடத்தில் எழுதியுள்ளார். தம்மைப்பற்றி மிகக் குறைவாகவே எழுதிய ஒருவர் இதனை எழுதினார் என்றால் பட்டபாடு பெரிதாயிருத்தல் வேண்டும்.

இருபத்தைந்து வயதளவில் ஊருக்குத் திரும்பினார். சில ஆண்டுகளில் அவரைச் சூழ ஒரு கல்விக்கூடம் அமைந்தது. திராட்சைத் தோட்டம் வைத்து வாழ்ந்தார் என்பது நெடுங்காலக் கேள்வி. துருவா நகரத்து மண் திராட்சைக்கு ஏற்றதன்று, ஆதலால் அவர் தோட்டக்காரர் என்பதற்கு உறுதியில்லை என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுகின்றனர். எவ்வாறாயினும், கற்பித்தலுக்காக அவர் பொருள் பெற்றார் என்று எவரும் சொல்லவில்லை.

அவருக்கு ஆண்மக்கள் இல்லை. பெண்மக்களே வாய்த்தனர். கற்றவர்களுக்கே அவர்களை மணஞ்செய்து கொடுத்தார். மூத்தவள் யோகெவேத், ராமெரு என்னும் ஊரினராகிய மேயீரை மணந்தாள். மிரியாம் என்பவளை யூதா பென் நாத்தான் மணந்தார். இவ்விரு மருகர்களையும், யோகெவேத்தின் புதல்வர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். அவர்களில்லாமல் இக்கதை முடியாது.

இனி, உரைக்கு வருவோம்.

தல்மூத்து என்பது படித்தற்கரிய நூல். மொழி பெரும்பாலும் அரமேயம். எபிரேயமும் இடையிடையே கலந்துவரும். நிறுத்தக்குறிகள் இல்லை. யார் பேசுகின்றார், எங்கே வினா முடிந்து விடை தொடங்குகின்றது என்று தெரியாது. கற்றறிந்த ஒருவர் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்தாலன்றி அதற்குள்ளே புகமுடியாது. ராஷி அந்த ஒருவரை ஏட்டுக்குள்ளே கொண்டுவந்து இருத்தினார். வாக்கியம் ஒன்று உறுதிமொழி போலத் தோன்றும். உண்மையில் அது வினா. அவ்விடத்தில் ராஷி ஒற்றைச் சொல்லை எழுதுவார்: வியப்போடு படிக்க என்பது அதன் கருத்து. அவ்வளவுதான். சிக்கல் அவிழ்ந்துவிடும். பத்து வரியில் நான் வகுப்பிலே சொல்லித் திணறுவதை ஒரு சொல்லிற் செய்கின்றவரைக் கண்டால் பொறாமையாகத்தான் இருக்கின்றது.

அக்காலத்துத் தல்மூத்துப் பிரதிகளில் எழுதினோர் பிழைகள் மலிந்திருந்தன. ராஷி பல இடங்களிலே பாடத்தைத் திருத்தினார். திருத்தியதை உரையிலே, இங்கே நாம் கொள்ளும் பாடம் இது என்று குறித்தாரேயன்றி, மூல ஏட்டில் கைவைக்கவில்லை. பின்வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. பேரருள் இளையவராகிய யாக்கோபு, தம் பாட்டனார் ஒன்று திருத்திய இடத்தில் தம் தமையனார் இருபது திருத்தினாரென்றும், அவற்றையும் ஏட்டிலேயே அழித்தெழுதினாரென்றும் குறைப்பட்டு எழுதியிருக்கின்றார். பதிப்பாசிரியர்கள் எந்நாட்டிலும் இரண்டு சாதியினர் போலும்.

இவ்வுரை ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று. சிறு சிறு ஏட்டுக்கட்டுகளாக எழுதப்பட்டு மாணாக்கரிடையே உலாவியது. அதனாலே பிற்காலத்துத் தல்மூத்து ஆசிரியர்கள் ராஷியின் உரையைக் குறிக்கும்போது பெயர் சொல்லாமல், ஏடு என்று பொருள்படும் குந்த்ரேஸ் என்ற சொல்லாற் குறிப்பர். பாடக் குறிப்பேடு ஒன்று ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தானது இப்படித்தான்.

வேத உரையிலே அவர் கொண்ட நெறி வேறு. செம்பொருள், தேடிப்பெறும் பொருள் என்று பொருள் இருவகை. செம்பொருளைப் பெஷாத் என்றும், மற்றையதைத் தெராஷ் என்றும் அவர்கள் வழங்குவர். ஆதாம் ஏவாள் வரலாற்றுக்கு உரை எழுதுமிடத்தில் ராஷி தம் கொள்கையை வெளிப்படுத்துகின்றார். இப்பகுதிக்கு மித்ராஷ் விளக்கங்கள் பல உள்ளன. முன்னோர் அவற்றை முறைப்படத் தொகுத்துவிட்டனர். தாம் வந்தது வேதத்தின் செம்பொருளைச் சொல்லவும், சொற்களை அவையவை நிற்கும் இடத்திலே பொருந்த அமர்த்துகின்ற பழங்கதைகளை மாத்திரம் சொல்லவுமே என்பது அவர் கூறியதன் சாரம். இதனைக் கொண்டு அவர் மித்ராஷை விலக்கினார் என்று எண்ணற்க. உரையின் பெரும்பகுதி மித்ராஷே. நூறு கதைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, மூலத்திலுள்ள ஒரு நெருடலை அது தீர்க்குமானாற் கொள்வார். தீர்க்காதாயின், எவ்வளவு அழகியதாயினும் விட்டுவிடுவார். எடுத்ததைக் கொண்டன்று, விட்டதைக் கொண்டே அவர் பெருமையை அளவிடல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுவேன். ஆதியாகமத்தின் 22 ஆம் அதிகாரத்திலே, ஆபிரகாமை அழைத்து அவர் மைந்தனைப் பலியிடுமாறு இறைவன் கட்டளையிடுகின்றான். மூலத்தில் அம்மைந்தன் நான்கு முறையாற் சுட்டப்படுகின்றான்: மகன் என்றும், ஒருவனே ஆனவன் என்றும், நேசத்துக்குரியவன் என்றும், இறுதியில் ஈசாக்கு என்றும். பெயரை முதலிலேயே சொல்லியிருக்கலாமே; ஏன் இத்தனை சொற்கள்? ராஷி பழைய விளக்கம் ஒன்றை இங்கே எடுத்து வைக்கின்றார். மகன் என்றதும், எனக்கு மக்கள் இருவர் உளரே என்றாராம் ஆபிரகாம். ஒருவனே ஆனவன் என்றதும், இவனும் தன் தாய்க்கு ஒருவன், அவனும் தன் தாய்க்கு ஒருவன் என்றாராம். நேசத்துக்குரியவன் என்றதும், இருவரையும் நேசிக்கின்றேன் என்றாராம். அதன் பின்னரே பெயர் வந்தது. திடீரெனப் பெயரைச் சொன்னால் தந்தையின் சித்தம் கலங்கிவிடும், ஆதலின் சிறிது சிறிதாக வெளியிடப்பட்டது என்பது ராஷி காட்டும் காரணம். மூலத்தில் அவ்விடத்தே இறைவன் குரல் மாத்திரம் உண்டு. தகப்பன் ஒருவன் ஒவ்வொரு சொல்லையும் பற்றிக்கொண்டு நேரத்தை நீட்டப் பார்க்கும் அவலத்தை இவ்வுரையிலே காண்கின்றோம். அந்நான்கு சொற்களை அதன்பின்னர் வேறு வகையாகப் படிக்க என்னால் இயலவில்லை.

சொற்பொருள் சொல்லும் இடங்களில் அவர் கூச்சமில்லாத நடைமுறையாளர். எபிரேயச் சொல் மாணாக்கருக்கு விளங்காது என்று கண்டால், வீதியிலே பேசும் பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்தில் எழுதிவிடுவார். கொல்லன் பட்டறை, தையற்காரன் கடை, அடுக்களை, வயல் எங்கும் இருந்து சொற்கள் வரும். அத்தகைய சொற்கள் அவருடைய உரைகளில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அக்காலத்துப் பிரெஞ்சு மொழிக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. ஆதலால், ஆர்சேன் தார்மெஸ்தெத்தேர் என்னும் பிரெஞ்சு மொழி அறிஞர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே பல நாட்டு நூலகங்களுக்குச் சென்று ராஷியின் ஏடுகளிலிருந்து அச்சொற்களைத் திரட்டினார். அவர் 1888 இல் இறந்தார். தல்மூத்து உரைச் சொற்களின் தொகுதி புளொந்தைம் என்பவரின் உழைப்போடு சேர்ந்து 1929 இல் வெளிவரத் தொடங்கியது. வேதம் விளங்குவதற்காக எழுதிவைத்த வீட்டுச்சொல், வீட்டுமொழியின் வரலாற்றுக்கே கருவூலமாயிற்று.

தலைமைக் குருவின் உடைகளுள் ஏபோத் என்பது ஒன்று. அதன் வடிவத்தைத் தாம் எவரிடமும் கேட்டதுமில்லை, பழைய நூல்களிற் கண்டதுமில்லை என்று ராஷி ஒப்புக்கொள்கின்றார். பின்னர், குதிரையேறிச் செல்லும் சீமாட்டிகள் பின்புறமாகக் கட்டிக்கொள்ளும் உடையைப் போன்றது அது என்று தம் உள்ளம் சொல்லுவதாக எழுதுகின்றார். துருவா நகரத்துச் சந்தை வழியே குதிரையிற் சென்ற பிரபுவீட்டுப் பெண் ஒருத்தி, தன்னை அறியாமலே மோசேயின் ஆகமத்துக்கு உரை தந்தாள்.

கேட்டது இது, கண்டது இது, என் உள்ளம் சொல்வது இது என்று பிரித்துச் சொல்லும் இந்த நேர்மைதான் என்னை அவரிடத்திற் பிணித்தது. சில இடங்களில் அவர் இன்னும் ஒருபடி செல்வார். ஆதியாகமத்தின் 28 ஆம் அதிகாரத்தில் ரெபெக்காளின் பெயர் வருமிடத்தில், யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய் என்று அடைமொழி சேர்ந்து வருகின்றது. அவள் அவர்களுடைய தாய் என்பது முன்னரே தெரிந்த செய்தி. மீண்டும் ஏன் சொல்லப்பட்டது? வேதத்தில் வீண்சொல் இல்லை என்ற மரபிலே வந்த ராஷி, இது நமக்கு எதனைக் கற்பிக்கின்றது என்று எனக்குத் தெரியவில்லை என்று உரை எழுதினார்.

தெரியாத இடத்தில் உரை எழுதாமல் விட்டிருக்கலாமே! யார் கேட்கப் போகின்றார்கள்? எத்தனையோ சொற்களுக்கு அவர் உரை எழுதவில்லை. இங்கே ஒரு வினா இருக்கின்றது, அதனை நான் கண்டேன், விடை என்னிடம் இல்லை என்று மாணாக்கனுக்கு அறிவித்துவிட்டுப் போகின்றார்.

இதனைப் படித்த அன்று எனக்கு ஒரு பழைய வகுப்பறை நினைவுக்கு வந்தது. ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் பழம்பாட்டொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, ஓரடியில் நின்ற சிறு சொல்லைக் காட்டி, ஐயா, இது இங்கே ஏன் நிற்கின்றது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அசைநிலை என்று சொன்னேன். பொருள் தோன்றாத சொல்லை அசைநிலை என்று தள்ளிவிடும் வித்தை எங்கள் கூட்டத்தாருக்குக் கைவந்தது என்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அவன் தலையை அசைத்துக்கொண்டு தன் குறிப்பேட்டில் எழுதினான். சில ஆண்டுகள் கழித்து, அது பொருளுள்ள சொல்லே என்று பழைய உரையொன்றிற் கண்டேன். அதற்குள் அவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். அவனும் ஆசிரியனாகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். என் பொய் இப்பொழுது எத்தனை குறிப்பேடுகளில் இருக்கின்றதோ.

நிற்க. ராஷியின் பேரர் சாமுவேல் என்பவரை ரஷ்பாம் என்பர். பாட்டனாரிடமே கற்றவர். செம்பொருளில் அவருக்கு இருந்த பற்று பாட்டனாரின் பற்றினும் கடியது. மித்ராஷ் எதற்கு, மூலம் தானே பேசட்டும் என்னும் போக்கினர். ராஷி மறையும்போது அவருக்கு இருபது வயதளவு. அந்த இளைஞர், நாடெல்லாம் போற்றிய முதியவரோடு அவருடைய உரையைப்பற்றி வாதாடினார். வாதத்தின் முடிவைப் பேரரே பிற்காலத்தில் தம் ஆதியாகம உரையில், யோசேப்பின் வரலாறு தொடங்குமிடத்திலே குறித்துவைத்தார். நாள்தோறும் புதிது புதிதாகச் செம்பொருள்கள் தோன்றுகின்றன. அவகாசம் இருந்தால் அவற்றுக்கேற்ப வேறு உரைகள் தாம் எழுத வேண்டியிருக்கும் என்று பாட்டனார் தம்மிடம் ஒப்புக்கொண்டார் என்பது அக்குறிப்பின் கருத்து.

இஃது ஒரு முதியவர் பேரப்பிள்ளையைத் தட்டிக்கொடுக்கச் சொன்ன உபசாரம் என்று தள்ளிவிடலாகாது. வேறு சான்றுகளும் உள. ஓசேர் நகரத்து அறிஞர்கள் எசேக்கியேல் ஆகம உரையில் ஓரிடத்தைப்பற்றி ஐயம் கேட்டு அவருக்கு எழுதினார்கள். அவ்வுரையில் தாம் பிழைபட்டதாகவும், இப்பொழுது ஷெமாயாவோடு இருந்து அப்பகுதியை மீண்டும் படித்துத் திருத்திவிட்டதாகவும் அவர் விடை எழுதினார். ஷெமாயா அவருடைய மாணாக்கர், எழுத்துப்பணியில் துணைவர். லைப்சிக் நகரிலுள்ள பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றில், ஷெமாயாவின் குறிப்புகள் இடையிடையே காணப்படுகின்றன. ஆசான் திருத்தச் சொன்ன இடங்கள் அவற்றால் தெரியவருகின்றன. எழுதி முடித்த நூல் என்ற ஒன்று ராஷியின் மனத்தில் இருந்ததாகவே தோன்றவில்லை.

இறைவன் மனிதனைப் படைக்கப் புகும்போது, உண்டாக்குவோமாக என்று பன்மையிற் சொன்னது ஏன் என்பது வேதம் படித்தோரின் பழைய வினா. பெரியவன் சிறியவர்களோடு கலந்து அவர்கள் இசைவைப் பெறுதல் வேண்டும் என்ற பணிவைக் கற்பிக்கவே அவ்வாறு கூறப்பட்டது என்று ராஷி உரை கூறினார். ஓசேர் நகரத்துக்கு எழுதிய கடிதத்தை இவ்வுரையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றேன். அந்த மாணவனுக்கு நான் எழுத வேண்டிய கடிதத்துக்கு எனக்கு இன்னும் கை வரவில்லை.

அவர் வாழ்வின் இறுதிப் பத்தாண்டு இருண்டது. 1096 இல் முதலாம் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள், கீழ்த்திசை செல்லுமுன்னர் ரைன் நதிக்கரை யூதர்கள்மேற் பாய்ந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் வோர்ம்ஸ் நகரில் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். மைன்ஸ் நகரில் ஆயிரத்துக்கு மேல் என்பர். மதம் மாற மறுத்துத் தம் குழந்தைகளைத் தாமே கொன்று இறந்தோரும் அவருட் பலர். ராஷி கற்ற வீதிகள் அவை. உடன் கற்றோரும் ஆசிரியர் குடும்பத்தோரும் வாழ்ந்த வீடுகள் அவை. துருவா நகரம் தப்பிற்று.

வாளுக்கு அஞ்சி ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர் திரும்பிவந்தோரைச் சமூகம் எவ்வாறு நடத்துவது என்ற வழக்கு அவரிடத்து வந்தது. உறவினரை இழந்து எரிந்துகொண்டிருந்தோர், அஞ்சிப் பணிந்தவர்களோடு ஒரு பந்தியில் இருக்க விரும்புவார்களா? பாவஞ்செய்தவனாயினும் இஸ்ரவேலன் இஸ்ரவேலனே என்னும் பழைய தல்மூத்து வாக்கை ராஷி சட்டநெறியாகக் கொண்டார். அவர்களை ஒதுக்கி மனம் நோவச்செய்தலாகாது, அவர்கள் மாறியது வாள்முனையிலன்றி விருப்பத்தினாலன்று, தருணம் வாய்த்தவுடன் திரும்பி ஓடிவந்தார்கள் என்று தீர்த்தார். தல்மூத்தில் இந்தச் சொற்கள் எதற்காகச் சொல்லப்பட்டன என்று செம்பொருள் பார்த்தால், இவ்வளவு பெரிய சட்டத்தைத் தாங்க அவை எழுந்தவையல்ல. செம்பொருளின் காவலர் இங்கே பொருளைத் தேடிப் பெற்றார். தேடாமலிருந்தால் அவர்களுக்கு வாயில் அடைபட்டிருக்கும்.

முதுமையில் நோயுற்றுக் கை ஓய்ந்தது. தாம் சொல்ல மற்றொருவர் எழுதும் நிலை வந்தது. எழுதியவர் யார்? ஒரு கடிதத்திலே மகள் என்று பாடங்கொண்டு, தந்தைக்கு மகள் எழுத்துத் துணையாக இருந்தாள் என்று வழங்கிய அழகிய கதை ஒன்று உண்டு. மகளின் மகன் என்பதே சரியான பாடம், இடையில் ஒரு சொல் விழுந்துவிட்டது என்று ஆராய்ந்தோர் காட்டினர். ஒரு சொல் விழுந்ததனாற் பிறந்த அப்பெண்ணை இழக்க எனக்கு மனமில்லை. ஆயினும் பாடம் பாடந்தான்.

1105 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் நாள் ராஷி துருவா நகரிலே காலமானார். அவரை அடக்கஞ்செய்த மயானம் காலத்தால் மறைந்துபோயிற்று. 1242 இல் பாரிஸ் நகரிலே தல்மூத்து ஏடுகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. 1306 இல் பிரெஞ்சு அரசன் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினான். ஊரும் ஏடும் போயின, உரை போகவில்லை. லைரா ஊர் நிக்கொலாஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி தம் விவிலிய விளக்கத்திலே ராஷியைப் பெரிதும் எடுத்தாண்டார். அவர் வழியாகச் செம்பொருள் நெறி கிறித்தவ அறிஞரிடத்தும் சென்றது. ராஷியின் வேத உரைக்கு எழுந்த உரைகள் மாத்திரம் இருநூறுக்கு மேற்படும் என்று கணக்கிடுவர்.

வெனிஸ் நகரில் தானியேல் பொம்பெர்க் என்னும் கிறித்தவ அச்சகத்தார் 1520 முதல் 1523 வரை தல்மூத்து முழுவதையும் அச்சிட்டார். பக்கத்தின் நடுவில் மூலம், உள்ளோரத்தில் ராஷி, வெளியோரத்தில் தோசாபோத் என்னும் பிற்சேர்க்கைகள். அப்பக்க அமைப்பே இன்றளவும் வழங்குகின்றது. அப்பிற்சேர்க்கைகள் யாருடையவை? ராஷியின் பேரர்களும் அவர்கள் வழிவந்த மாணாக்கரும் எழுப்பிய தடைவிடைகள். ராஷி இவ்வாறு கூறினார், அது பொருந்தாது என்று தொடங்கிப் பலபட மறுப்பார்கள். ஒரு பக்கத்திலே மூலத்துக்கு இருமருங்கும் பாட்டனாரும் பேரரும் இருந்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கின்றனர். ராஷி எழுத்து என்று இன்று பெயர்பெற்ற வளைந்த அச்செழுத்தை ராஷி எழுதியதேயில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். ஸ்பெயின் நாட்டு யூதர்களின் கையெழுத்தைப் பார்த்து அச்சகத்தார் வார்த்தது அது.

அந்தத் தல்மூத்திலே இரண்டு இடங்களில் ராஷியின் உரை பாதியில் நின்றுவிடுகின்றது. பாபா பத்ரா என்னும் பகுதியில் 29 ஆம் ஏட்டில் நிற்க, பேரர் ரஷ்பாம் தொடர்கின்றார். பாட்டனார் ஐந்து சொல்லில் முடிப்பதைப் பேரர் ஐம்பது சொல்லில் விரிப்பார். கைமாறியதை அறிய அறிவிப்பு எதுவும் வேண்டியதில்லை. மற்றையது மக்கோத் என்னும் பகுதி. 19 ஆம் ஏட்டின் பின்புறத்தில், வரிகளுக்கிடையே ஒரு குறிப்பு வருகின்றது. நம் ஆசான் உடலால் தூயவர், அவருடைய ஆவி தூய்மையிற் பிரிந்தது, இதற்குமேல் அவர் உரைக்கவில்லை, இனி வருவது அவர் மாணாக்கர் யூதா பென் நாத்தானின் மொழி என்பது அதன் செய்தி. யூதா பென் நாத்தான் மிரியாமின் கணவர். தம்மை மருகர் என்று அங்கே அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த சொல்லை எடுத்துக்கொண்டு உரையைத் தொடர்கின்றார்.